ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றிருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 63 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் தினமும் அட்டர்வாஸ்டாடின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ‘ஸ்டாட்டின்’ வகை மாத்திரைகளில் ஒன்று) 40 மி.கி. சென்ற வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (ரத்தக்குழாயில் படியும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) 92 மி.கி. என்று வந்திருக்கிறது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுப்படி அது ‘நார்மல்’. சில மாதங்களாக நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது என்கிறார். கொலஸ்ட்ரால் மாத்திரைதான் காரணம் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கொழுப்புதான் குறைந்துவிட்டதே, மாத்திரையைப் பாதியாக்கலாமா அல்லது நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். இந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் சிகிச்சையைக் கூட்ட வேண்டுமோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கால்வலியை மாத்திரையின் தலையில் கட்டிவிடுவதற்கு முன் வேறொன்றைப் பார்த்தாக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பரிசோதனைக் கூடத்தின் தாளில் இருக்கும் ‘நார்மல்’ யாருக்கானது? இதயத்துக்கோ ரத்தக்குழாய்க்கோ இதுவரை எதுவும் நேராத, சராசரி மனிதருக்கு. தாளை அச்சிடும் கணினிக்கு உங்கள் அப்பாவின் மார்பில் ஒரு ஸ்டென்ட் இருப்பது தெரியாது. 20 வயதுப் பெண்ணுக்கும் அவருக்கும் அது ஒரே எல்லையைத்தான் அச்சிடும். ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தவருக்கு எல்லை வேறு.

எவ்வளவு என்பதில் நாடுகளின் வழிகாட்டு நெறிகள் கொஞ்சம் வேறுபடுகின்றன. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019-இல், இத்தகையவர்களுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே வர வேண்டும், அத்துடன் சிகிச்சைக்கு முன்பிருந்த அளவில் பாதியாவது குறைந்திருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே வைத்தது. அமெரிக்காவின் 2018 நெறிகள், இவர்களில் ஆபத்து மிக அதிகமாக உள்ளவர்களுக்கு, ஸ்டாட்டினை முழு அளவில் கொடுத்த பிறகும் 70 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு மருந்தைச் சேர்க்கும்படி கூறின. பிரிட்டனில் 2023 டிசம்பர் முதல் 2.0 மில்லிமோல், அதாவது ஏறக்குறைய 77. (ரிப்போர்ட் மில்லிமோலில் இருந்தால் 39-ஆல் பெருக்குங்கள், மில்லிகிராம் கணக்கு வந்துவிடும்.) 55-ஆ, 70-ஆ, 77-ஆ என்று நிபுணர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். 92 எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

இது வெறும் எண் விளையாட்டு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இதய நோயுள்ள 4,444 பேரில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஐந்தாண்டுக்கும் மேல் கவனித்தது. வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து உட்கொண்டவர்களில் 182 பேர். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது இது: எல்.டி.எல். ஒவ்வொரு 39 மி.கி. குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. தொடங்கிய இடம் உயரமா தாழ்வா என்பது அவ்வளவு முக்கியமில்லை. 92-இலிருந்து 53-க்கு இறங்கினாலும் அந்த ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும்.

எனவே ‘கொழுப்பு குறைந்துவிட்டதே’ என்பதை மாத்திரையை நிறுத்தும் காரணமாகக் கொள்ள முடியாது. மாத்திரை உள்ளே போவதால்தான் அது குறைந்திருக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய் நிற்கும்.

இனி, ரிப்போர்ட் வந்ததும் மருந்தை மறுபரிசீலனை செய்வதற்கு வருவோம். பெரும்பாலும் என்ன நடக்கிறது? புது ரிப்போர்ட்டை மருத்துவர் பார்க்கிறார், ‘பரவாயில்லை, அதையே தொடருங்கள்’ என்கிறார், சீட்டு புதுப்பிக்கப்படுகிறது. இதை நான் மறுபரிசீலனை என்று சொல்ல மாட்டேன். புது எண்ணை எதனோடும் ஒப்பிடாமல் பார்ப்பதில் பயன் குறைவு. மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய ரிப்போர்ட் வேண்டும். வீட்டில் தேடி எடுங்கள். மாரடைப்புக்கு முன் வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்ததாக இருந்தாலும் சரி. ஓர் உதாரணத்துக்கு அது 160 என்று வைத்துக்கொள்வோம். அட்டர்வாஸ்டாடின் 40 ஒழுங்காக உள்ளே போனால் எல்.டி.எல். சுமார் பாதியாக வேண்டும். 80-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். 92 வந்திருக்கிறது என்றால் எங்கோ கொஞ்சம் ஒழுகுகிறது. பழைய அளவு 190-க்கு மேல் இருந்திருந்தால் கதையே வேறு: பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம், அப்போது உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை தேவைப்படும். மருத்துவமனையில் மாரடைப்புக்குச் சில நாட்கள் கழித்து எடுத்த அளவைத் தொடக்க அளவாகக் கொள்ளாதீர்கள். அந்த நாட்களில் எல்.டி.எல். தானாகவே இறங்கிவிடும், அதை நம்பினால் மருந்து வேலையே செய்யவில்லை என்ற தவறான முடிவுக்கு வருவோம்.

ஒழுகல் என்றேன். மருந்தை மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அதைப் பற்றியதுதான்: மாத்திரை தினமும் வாய்க்குள் போகிறதா? இதைக் கேட்கும் விதம் ஒன்று உண்டு. ‘ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’ என்றால் எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள். ‘வாரத்தில் எத்தனை நாள் மறந்துபோகிறது?’ என்று கேட்டால் உண்மை வரும். என் அனுபவத்தில், எண் இறங்காத நோயாளிகளில் கணிசமானவர்களின் பிரச்சினை இங்கேதான் தீர்ந்திருக்கிறது. ஒருவருக்கு ஓராண்டாக எல்.டி.எல். ஏறிக்கொண்டே இருந்தது, டோஸைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னபோது ஸ்டாட்டினே அதில் இல்லை. இடையில் வேறு மருத்துவர் ஒருவர் சீட்டைப் புதிதாக எழுதியபோது ஒரு வரி விட்டுப்போயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, நான் உள்பட.

இன்னொரு சிறு விஷயம். ‘இரவில்தான் போட வேண்டும், இரவில் மறந்துவிடுகிறது’ என்று பலர் சொல்வார்கள். சிம்வாஸ்டாடினுக்கு அது பொருந்தும். அது உடலில் நீண்ட நேரம் தங்காது. அட்டர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் அப்படியில்லை. காலையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்தே உட்கொள்ளலாம்.

இப்போது அந்தக் கால்வலி. உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்.

ஸ்டாட்டினால் தசைவலி வருமா? வரும். ஆனால் வருவதாகச் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரை வைத்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒவ்வொருவருக்கும் 12 புட்டிகள், மாதத்துக்கு ஒன்று: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை, நான்கு காலி. எது எந்த மாத்திரை என்பது உட்கொள்பவருக்குத் தெரியாது. அன்றாடம் தொந்தரவுக்கு நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4! வலி கற்பனை என்று இதற்குப் பொருள் இல்லை, வலி உண்மை. மருந்தின் வேதிப்பொருளைவிட, மாத்திரை உட்கொள்கிறோம் என்ற எண்ணமே அதில் பெரும்பங்கு வகித்தது. தங்கள் முடிவுகளைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மீண்டும் ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள்.

மருந்தால் வரும் தசைவலிக்கு ஒரு சாயல் உண்டு. பொதுவாக மருந்து தொடங்கிய அல்லது டோஸ் கூட்டிய சில வாரங்களில் வரும். இரண்டு பக்கமும் வரும். தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் இருக்கும். நடந்தாலும் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி வலிக்கும். உங்கள் அப்பா மூன்று ஆண்டுகளாக அதே மருந்தை அதே அளவில் உட்கொள்கிறார்; வலியோ சில மாதங்களாகத்தான். அதுவும் கெண்டைக்காலில். அதுவும் நடந்தால்.

அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஏறத்தாழ ஒரே தூரம் நடந்ததும் வலி தொடங்குகிறதா? நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறதா? மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். இதயத்தின் குழாயில் படிந்த அதே கொழுப்புப் படிவு கால் குழாயிலும் படியும். உடலில் ஓடுவது ஒரே ரத்தம்தானே. (நின்றால் விடாமல், உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால் மட்டும் விடுகிறது என்றால் முதுகெலும்பில் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம், அது வேறு வழி.)

இதற்கான பரிசோதனை எளிது, வலியில்லாதது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று கொள்வார்கள். நீரிழிவு பல ஆண்டுகளாக உள்ளவர்களுக்குக் குழாய் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால் இந்த எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். அப்போது ஸ்கேன் எடுப்பார்கள்.

உறவினர் சொன்னதைக் கேட்டு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கால்வலிக்குக் காரணம் அடைப்பு என்றால், அந்த அடைப்பு வளராமல் தடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை, அந்த அடைப்பின் அறிகுறியைக் காரணம் காட்டியே நிறுத்தியிருப்போம். இதயத்தோடு காலிலும் நோய் இருப்பது தெரிந்தால் ஆபத்தின் படி இன்னும் ஒன்று ஏறுகிறது, எல்.டி.எல். விஷயத்தில் கண்டிப்பும் அதற்கேற்பக் கூட வேண்டும். கால் ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்குக் கொலஸ்ட்ரால் சிகிச்சை, இதய நோயாளிகளுக்குக் கிடைக்கும் அளவுக்குக் கிடைப்பதில்லை என்பது மருத்துவ உலகம் நீண்ட காலமாகப் புலம்பும் விஷயம். ‘காலில்தானே’ என்ற அலட்சியம். ஆனால் அவர்களும் பெரும்பாலும் சாவது மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும்தான்.

காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். படுத்திருக்கும்போதே பாதம் வலிப்பது, ஆறாத புண், திடீரென்று கால் வெளுத்துக் குளிர்ந்துபோவது: உடனே மருத்துவமனை. தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலும் உடனே. அரிதாக ஸ்டாட்டினால் தசை சிதைவது அப்படித்தான் தெரியவரும். இவை இல்லாமல் வெறும் வலி என்றால், ரத்தத்தில் சி.கே. என்ற தசை நொதியைப் பார்ப்பார்கள். அது மேல் எல்லையைப் போல் பத்து மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள். அதற்குக் கீழே என்றால் கொஞ்ச காலம் நிறுத்திப் பார்ப்பது, அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாட்டினுக்கு மாறுவது என்று பல வழிகள் உண்டு. எதுவும் வீட்டிலேயே செய்துகொள்வதற்கு உரியதல்ல.

மாத்திரை தினமும் போகிறது, இருந்தும் 92 என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன? 40-ஐ 80 ஆக்கலாம். ஆனால் ஸ்டாட்டினுக்கு ஒரு விசித்திரக் கணக்கு உண்டு: அளவை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது தொடக்க அளவிலிருந்து மேலும் 6 சதவீதம் மட்டுமே. 160-இல் தொடங்கியவருக்கு அது சுமார் 10 மி.கி.; 92 என்பது 82 ஆகும், அவ்வளவுதான். அதற்குப் பதில் எசெட்டிமைப் என்ற வேறு வகை மாத்திரையை 10 மி.கி. சேர்த்தால் இருக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கோ சற்று அதிகமாகவோ குறையும். 92 என்பது 73-ஐ ஒட்டி வரும். காரணம் எளிது. ஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கிறது. எசெட்டிமைப் குடலில் அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஒரே கதவில் இரண்டாவது பூட்டுப் போடுவதைவிடத் திறந்து கிடக்கும் இன்னொரு கதவைச் சாத்துவது மேல். 2015-இல் வெளிவந்த, 18,144 பேரை உள்ளடக்கிய ஆய்வில் ஸ்டாட்டினோடு எசெட்டிமைப் சேர்த்தவர்களின் எல்.டி.எல். சராசரியாக 54-க்கு இறங்கியது. ஏழாண்டுகளில் மாரடைப்பு உள்ளிட்ட நிகழ்வுகள் 34.7 சதவீதத்திலிருந்து 32.7 சதவீதமாகக் குறைந்தன. மலையைப் புரட்டிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாரடைப்பு வந்த ஐம்பது பேரில் ஒருவருக்கு அடுத்த நிகழ்வு தவிர்க்கப்படுகிறது.

இரண்டையும் செய்தும் எண் இறங்காவிட்டால் ஊசிகள் இருக்கின்றன. எவொலோகுமாப், அலிரோகுமாப் ஆகியவை இரண்டு வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுபவை; எல்.டி.எல்.-ஐ இன்னும் 60 சதவீத அளவுக்குக் குறைக்கும். இன்க்லிசிரான் தொடக்கத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஸ்டாட்டின் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பெம்பெடோயிக் அமிலம் என்ற மாத்திரை உண்டு. 13,970 பேரிடம் செய்த ஆய்வில் அது நிகழ்வுகளை 13 சதவீதம் குறைத்தது 2023-இல் தெரியவந்தது. உங்கள் அப்பாவுக்கு இப்போது இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அதே சந்திப்பில் வேறு சிலவற்றையும் கேட்டுவிடுங்கள். தைராய்டு பார்த்தார்களா? தைராய்டு குறைந்தால் எல்.டி.எல். ஏறும், தசைவலியும் வரும். ஒரே பரிசோதனையில் இரண்டு புதிருக்கும் விடை கிடைக்கலாம். லிப்போபுரோட்டீன் ஏ என்ற இன்னொரு வகைக் கொழுப்புத் துகளை எப்போதாவது பார்த்ததுண்டா? பெரும்பாலும் மரபால் வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 63 வயதுக்குள் மாரடைப்பும் கால் அடைப்பும் என்றால் பார்ப்பது நியாயம். டிரைகிளிசரைடு என்ற மற்றொரு ரத்தக் கொழுப்பு 400-ஐத் தாண்டினால், வழக்கமான சூத்திரத்தில் கணக்கிடும் எல்.டி.எல். நம்பகமானதாக இருக்காது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல். என்ற ‘நல்ல’ கொலஸ்ட்ராலைக் கழித்து வரும் எண்ணைப் பாருங்கள். அதன் இலக்கு எல்.டி.எல். இலக்கைவிட 30 கூடுதல்.

எச்.டி.எல். குறைவாக இருக்கிறதே, அதை ஏற்ற மருந்து வேண்டாமா என்பார்கள். வேண்டாம். நியாசின் என்ற வைட்டமின் மருந்தைக் கொடுத்து அதை ஏற்றிப் பார்த்தார்கள். 2011-இலும் 2014-இலும் வந்த பெரிய ஆய்வுகளில் ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தும் நன்மை தெரியவில்லை. பழைய சீட்டில் அது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். மறுபரிசீலனையில் மாத்திரை குறையவும் செய்யலாம்.

அப்பாவுக்கு எப்போதாவது கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால் ஸ்டாட்டின் உட்கொள்வதை அந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவை அது கூட்டிவிடும். அந்தச் சில நாட்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். பூஞ்சை மருந்துகள் சிலவும் அப்படியே.

கொழுப்பு மிகவும் குறைந்தால் மூளைக்கு ஆபத்து என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எவொலோகுமாப் ஆய்வில் 27,564 பேர் கலந்துகொண்டார்கள். ஊசி போட்டவர்களின் எல்.டி.எல். சராசரி 30-க்கு இறங்கியது. அவர்களில் ஒரு பகுதியினரின் நினைவாற்றலைத் தனியாகச் சோதித்தார்கள். வெற்று ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டதில் வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை விஷயத்தில் பயத்துக்குக் கொஞ்சம் அடிப்படை உண்டு. எல்லையில் நிற்பவர்களைச் சிலசமயம் ஸ்டாட்டின் நீரிழிவுக்குள் தள்ளிவிடும். ஆனால் மாரடைப்பு வந்தவரின் தராசில் பலன் பக்கமே கனம் அதிகம். சர்க்கரையை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்டாட்டினை நிறுத்துவதைப் பற்றி நானே பேச்செடுக்கும் இடமும் உண்டு. வேறு கடும் நோயால் வாழ்நாள் மாதக்கணக்கில் என்றாகிவிட்டவர்களுக்குப் பத்தாண்டு கழித்து வரக்கூடிய மாரடைப்பைத் தடுக்கும் மாத்திரை ஒரு சுமை. வெறும் வயது அதற்குக் காரணமாகாது. ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்கு 75-ஐத் தாண்டியும் ஸ்டாட்டின் பலன் தருகிறது. உங்கள் அப்பாவுக்கு 63தான்.

ஆகவே சந்திப்புக்கு நேரம் வாங்குங்கள். மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கம், கிடைத்தால் அதற்கு முந்தைய ரத்த ரிப்போர்ட், இரண்டும் வேண்டும். மருந்தை மாற்றினாலோ கூட்டினாலோ 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தப் பரிசோதனை. பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிறு தேவையில்லை. இலக்கை அடைந்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

அதற்குள் ஒருநாள் அப்பாவோடு நடந்து பாருங்கள். எத்தனை அடி வைத்ததும் நிற்கிறார், எந்தக் கால், எவ்வளவு நேரத்தில் வலி விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போனதும் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவதற்கு முன் அந்தக் குறிப்பைக் கொடுங்கள். அதுவரை மாத்திரை வழக்கம்போல் தொடரட்டும்.